மன்னனின் பெயரால் ஆண்டவர்: அழகக்கோனார் அதிகாரத்துக்கு வந்த வழி

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. சிங்களம் இல்லை. 1409 பெப்ரவரி மாதத் திகதியிட்டு சீனாவின் நான்ஜிங் நகரில் தயாரான அந்தக் கல், கப்பலேறி இலங்கைக்கு வந்தது. 1911இல் காலி நகரில் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டபோது அது ஒரு மதகை மூடிக் கிடந்தது.

இந்தக் கல்லைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது இங்கே வந்து இறங்கிய நேரத்தில் இலங்கையின் தென்மேற்கை யார் கையில் வைத்திருந்தார்கள், அவர்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்கள் பிறப்பால் அரச வம்சத்தவர் அல்லர். வெளியிலிருந்து வந்த ஒரு வணிகக் குடும்பம், மூன்று தலைமுறைக்குள் துறைமுகத்தையும் கோட்டையையும் படையையும் கைப்பற்றி, கடைசியில் மன்னனையே பெயருக்கு வைத்துக்கொண்டு நாட்டை ஆண்டது. அதுதான் அழகக்கோனார் குடும்பம். சிங்கள நூல்கள் அழகேஸ்வர என்று சொல்லும் பெயரும் இவர்களுடையதுதான்.

பாடசாலைப் புத்தகத்தில் இது ஒரு பந்திக்குள் முடிந்துவிடும்: "அழகக்கோனார் ஆரியச்சக்கரவர்த்தியைத் தோற்கடித்தார்." தென்னிலங்கையில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு சிங்கள வெற்றி. வடக்கில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு தமிழ்த் தோல்வி. மருதமுனையில் இருந்து படித்த எனக்கு, இரண்டு பக்கத்திலும் சேராத ஒருவனாக, இந்தப் பந்தி எப்போதும் குறையாகவே பட்டது. யுத்தத்துக்குப் பிறகு அதைத் திரும்ப வாசிக்கும்போது, விடுபட்டது எது என்று விளங்குகிறது. ஆயுதம் வைத்திருப்பவர் அரசனாகும் வழி அதில் இல்லை. அந்த வழிக்கு விலை கொடுத்தவர்களும் அதில் இல்லை.

உடைந்த நாடு

1215இல் மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவையைப் பிடித்தான். அதற்குப் பிறகு சிங்கள அரசின் தலைநகர் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல் என்று நகர்ந்து, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கம்பளைக்கு வந்து சேர்ந்தது. குளங்களும் வயல்களும் நிறைந்த உலர் வலயம் கைவிட்டுப் போனதோடு, அரசனுக்கு வருமானம் தந்த நெல்லும் போய்விட்டது. வடக்கே நல்லூரில் ஆரியச்சக்கரவர்த்திகள் எழுந்தார்கள். இடையில் இருந்த காடுகளிலும் கிழக்குக் கரையிலும் வன்னிபங்கள் தங்கள் தங்கள் பற்றுகளை ஆண்டார்கள். மட்டக்களப்புப் பகுதியில் பின்னர் வந்த வன்னிமைகளையும் போடியார்களையும் பற்றிய கதைகள் எங்கள் பக்கத்தில் இன்றும் வாய்மொழியாக உண்டு.

1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இந்தக் காட்சியைப் பதிந்து வைத்திருக்கிறார். புத்தளத்தில் அவர் சந்தித்தது ஆரியச்சக்கரவர்த்தியை. அந்த மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது. முத்துகளைக் காட்டினார், பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பிய முஸ்லிம் பயணிக்குப் பல்லக்கும், வழித்துணைக்கு 4 யோகிகளையும் 3 பிராமணர்களையும் கொடுத்து அனுப்பினார். கொழும்பில் ஜலஸ்தி என்ற கடல் தலைவர் ஏறக்குறைய 500 அபிசீனியர்களோடு அதிகாரம் செய்துகொண்டிருந்தார். உள்நாட்டில் கோனகார் என்ற நகரத்தின் ஆட்சியாளரை இப்னு பதூதா "குனார்" என்று எழுதுகிறார். இது அழகக்கோனார் குடும்பத்தவரையே குறிக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். கம்பளையில் முடி சூடியிருந்த மன்னரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாட்டுக்குள் பயணம் செய்த ஒருவருக்கு, கண்ணில் பட்ட அதிகாரங்கள் இவைதான்.

துறைமுகமும் கறுவாவும்

அழகக்கோனார்களின் மூதாதையர் வஞ்சி நகரிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் காலத்துச் சான்றுகள் சொல்கின்றன. வஞ்சி என்பது கேரளப் பக்கம் என்பதே பெரும்பாலானோர் கருத்து. காஞ்சி என்போரும் உண்டு. எப்படியென்றாலும் தென்னிந்தியா. இலங்கையில் அவர்களின் தளம் களுத்துறைப் பக்கத்து றைகம.

தென்மேற்கில் அவர்களுக்குக் கிடைத்தது கறுவாவும் துறைமுகங்களும். நெல்லை இழந்த நாட்டில் காசு இப்போது கடலோரத்துக்கு வந்துவிட்டது. மலபாரிலிருந்தும் அரபுலகிலிருந்தும் கப்பல்கள் வந்தன. கப்பல்காரர்களோடு பேசத் தெரிந்தவர்களுக்கு, அவர்களுடைய பழக்கம் தெரிந்தவர்களுக்கு, அரண்மனையில் மதிப்பு உயர்ந்தது. வெளியூர்க் குடும்பம் என்பது குறையாக இல்லாமல் தகுதியாக மாறிய காலம் அது. 3ஆம் விக்கிரமபாகு மன்னரின் காலத்தில், அதாவது 1357க்கும் 1374க்கும் இடையில், நிஸ்ஸங்க அழகக்கோனார் பிரதம அமைச்சராக இருந்தார். மன்னர் கம்பளை மலையில் இருந்தார். அமைச்சர் துறைமுகங்களுக்குப் பக்கத்தில் இருந்தார்.

வரி யாருக்கு?

அந்தத் துறைமுகங்களில் வரி அறவிட்டவர்கள் வேறு ஆட்கள். ஆரியச்சக்கரவர்த்தி கொழும்பு, நீர்கொழும்பு, வத்தளை, சிலாபம் ஆகிய இடங்களில் தனது வரி அதிகாரிகளை நிறுத்தியிருந்தார் என்று ராஜாவலிய கூறுகிறது. கடலோரத்தோடு அது நிற்கவில்லை. 1359ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட மெதவல கல்வெட்டு, மலைநாட்டுப் பகுதிகளிலும் வரி சேர்க்கப் பிராமணர்கள் நியமிக்கப்பட்டது பற்றிப் பேசுகிறது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கம்பளை மன்னரின் நாட்டில் வடக்கு மன்னரின் கை எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பதற்கு இவை சாட்சி.

அழகக்கோனார் உடனே வாளை உருவவில்லை. முதலில் கொழும்புக்குப் பக்கத்தில் சதுப்பும் நீரும் சூழ்ந்த தாருகம என்ற கிராமத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு கோட்டை கட்டினார். அகழி வெட்டினார். முற்றுகையைத் தாக்குப்பிடிக்கத் தேவையான உணவுப் பொருட்களை உள்ளே சேர்த்தார். இவை எல்லாம் ஆயத்தமான பிறகுதான் ஆரியச்சக்கரவர்த்தியின் வரி அதிகாரிகளைப் பிடித்துத் தூக்கிலிட்டார். அந்தக் கோட்டைதான் பின்னாளில் ஜயவர்தனபுரக் கோட்டை ஆனது. இன்றைய நாடாளுமன்றம் இருக்கும் கோட்டே.

ஆரியச்சக்கரவர்த்தி இரண்டு வழியாகப் படை அனுப்பினார். ஒன்று தரை மார்க்கமாக மாத்தளையை நோக்கி. மற்றது கப்பலில் கொழும்புப் பக்கக் கரையை நோக்கி. இரண்டும் தோற்றுத் திரும்பின. அதற்குப் பிறகு நான்கு துறைகளின் வருமானமும் அழகக்கோனாரின் கைக்கு வந்தது. வருமானம் வந்ததோடு படையும் வந்தது. கம்பளையில் மன்னர் தொடர்ந்து மன்னராகவே இருந்தார். ஆனால் நாட்டைக் காப்பாற்றியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொரு வேலையையும் அவர் மறக்கவில்லை. 1369இல் தர்மகீர்த்தி தேரரின் தலைமையில் பௌத்த சங்கத்தைச் சீர்திருத்தும் ஒரு மாநாட்டைக் கூட்டினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் வாரிசு, சாசனத்தின் காவலர் என்ற பெயரைப் பெற்றார். படைபலத்தால் எழுந்தவருக்கு, அந்தப் பலம் மட்டும் போதாது என்பது விளங்கியிருந்தது. மக்கள் மதிக்கும் ஒன்றின் பாதுகாவலராகத் தன்னைக் காட்ட வேண்டியிருந்தது.

சீனத்தில் இதற்கு முன் நடந்தது

இதே வழியை, ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஒருவர் நடந்து முடித்திருந்தார். அவர் பெயர் சாவோ சாவோ. 'மூன்று இராச்சியங்கள்' கதையைத் திரைப்படமாகவோ கணினி விளையாட்டாகவோ அறிந்த இளைஞர்களுக்கு அவர் ஒரு வில்லன். அழகக்கோனாரை விளங்கிக்கொள்ள அவர் கதை உதவுகிறது. ஏனென்றால் சீனர்கள் நிறைய எழுதி வைத்தார்கள். இங்கே இரண்டு வரியில் முடிந்த விடயங்களுக்கு அங்கே பக்கம் பக்கமாகப் பதிவு உண்டு.

155இல் பிறந்த சாவோ சாவோவும் பழைய பிரபு வம்சத்தவர் அல்லர். அவருடைய தந்தை, அரண்மனை அலி ஒருவரின் வளர்ப்பு மகன். 184இல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தது. ஹான் பேரரசு ஆட்டம் கண்டது. 189இல் தொங் சுவோ என்ற தளபதி தலைநகர் லுவோயாங்கைப் பிடித்து, ஒரு பேரரசரை இறக்கிச் சிறுவர் ஒருவரை அரியணையில் ஏற்றினார். அதன்பின் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு படைத்தலைவர். 192இல் சாவோ சாவோவிடம் கிளர்ச்சிக்காரர்களின் ஒரு பெரும் கூட்டம் சரணடைந்தது. ஆயுதம் தூக்கியவர்கள் மட்டும் 3 இலட்சம் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அவர்களில் தேர்ந்தவர்களைத் தனது படையில் சேர்த்துக்கொண்டார். பழைய எதிரிகள் புதிய படையானார்கள்.

ஆனால் படைக்குச் சோறு வேண்டும். அந்த ஆண்டுகளில் பஞ்சம். யுவான் ஷாவோவின் வீரர்கள் முசுக்கட்டைப் பழத்தைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்றும், இன்னொரு தலைவரின் வீரர்கள் நீர்நிலைகளில் நத்தை பொறுக்கினார்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 196இல் சாவோ சாவோ இரண்டு வேலைகளைச் செய்தார். அலைந்துகொண்டிருந்த இளம் பேரரசரைத் தன்னிடத்துக்கு அழைத்து வந்து பாதுகாப்பில் வைத்தார். அதே ஆண்டில், யுத்தத்தால் ஆளில்லாமல் கிடந்த வயல்களில் இடம்பெயர்ந்தவர்களைக் குடியேற்றிப் பயிர் செய்வித்தார். சொந்த மாடு இருந்தால் விளைச்சலில் பாதி அரசுக்கு. அரசின் மாட்டைப் பயன்படுத்தினால் 10இல் 6 பங்கு அரசுக்கு. போடியாரின் வயலில் பங்குக்குச் செய்த எங்கள் பக்கத்து முல்லைக்காரரின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

200இல் குவாந்து என்ற இடத்தில் தன்னைவிடப் பெரிய படையோடு வந்த யுவான் ஷாவோவை அவர் வென்றதும் சோற்றால்தான். எதிரியின் தானியக் களஞ்சியத்தை இரவில் போய் எரித்தார். எதிரிப்படை கலைந்தது. 216இல் மன்னர் என்ற பட்டம் வரை போனாலும் பேரரசரை அவர் அகற்றவில்லை. எல்லாக் கட்டளையும் பேரரசரின் பெயரால் வந்தது. 220இல் அவர் இறந்த பிறகு மகன்தான் அந்தத் திரையை நீக்கி அரியணையில் ஏறினார்.

தாருகம கோட்டைக்குள் சேர்த்த உணவையும், நான்கு துறைகளின் வரியையும், கம்பளை மன்னரின் பெயரையும் இதனோடு வைத்துப் பாருங்கள். மையம் உடைகிறது. உணவும் வருமானமும் வரும் பாதையை ஒருவர் பிடிக்கிறார். எதிரியின் ஆட்களைத் தன் ஆட்களாக்கவோ அழிக்கவோ செய்கிறார். பழைய முடியின் பெயரைத் தன் கட்டளைகளுக்கு முத்திரையாக வைத்துக்கொள்கிறார். வீரம் இவை எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறது.

எழுந்த குடும்பம் விழுந்த விதம்

ஆயுதத்தால் சேர்ந்த அதிகாரத்துக்கு வாரிசு முறை இல்லை. நிஸ்ஸங்க அழகக்கோனாருக்குப் பிறகு குடும்பத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. வீர அழகேஸ்வரர் தன் உறவினரான வீரபாகுவிடம் றைகமவில் தோற்று, கடல் கடந்து ஓடினார். 14ஆம் நூற்றாண்டு முடியும் வேளையில் வெளியிலிருந்து கூலிப்படை கொண்டுவந்து இடத்தைத் திரும்பப் பிடித்தார். உள்ளூர்ப் பகையைத் தீர்க்க வெளிப்படையைக் கூப்பிடும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

இந்த வீர அழகேஸ்வரரின் காலத்தில்தான் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே வந்தார். செங் ஹே யுனான் மாகாணத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முதற் பயணத்தில் மட்டும் 27,000க்கு மேற்பட்ட ஆட்கள் கப்பல்களில் இருந்தார்கள். அந்தப் பயணத்திலேயே இங்கே வரவேற்பு நன்றாக இருக்கவில்லை. மூன்றாம் பயணத்தில் மோதல் வெடித்தது. சீனப் பதிவுகளின்படி, அழகக்கோனார் செங் ஹேயை உள்நாட்டுக்குள் அழைத்து, 50,000 பேரை அனுப்பிப் பாதைகளை மறித்துக் கப்பல்களைத் தாக்க முயன்றார். செங் ஹே திரும்பி ஓடவில்லை. படை எல்லாம் வெளியே போயிருக்கும், தலைநகர் வெறுமையாக இருக்கும் என்று கணித்து, 2,000 பேரோடு வேறு பாதையால் போய்த் தலைநகரைப் பிடித்தார். அழகக்கோனாரையும் மனைவி மக்களையும் சிறைப்படுத்திக் கப்பலேற்றி, 1411 ஜூலையில் நான்ஜிங் கொண்டுபோனார். யொங்லே பேரரசர் அவர்களை மன்னித்து விடுவித்தார். ஆனால் அரியணைக்கு வேறொருவரைத் தெரிவு செய்யச் சொன்னார். இவை வென்றவர்கள் எழுதிய கணக்குகள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கைதியாகச் சீனா போனதும் ஆட்சி முடிந்ததும் உண்மை.

அதற்குப் பிறகு வந்தவர் 6ஆம் பராக்கிரமபாகு. அழகக்கோனார் கட்டிய கோட்டையிலிருந்தே அவர் 1467 வரை ஆண்டார். அவர் அனுப்பிய சப்புமல் குமாரயா 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார். தமிழில் செண்பகப் பெருமாள் என்று அறியப்படும் இவரும், மன்னர் வளர்த்தெடுத்த ஒரு வெளிக் குடும்பத்துப் பிள்ளை. பின்னர் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையில் முடி சூடினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் இன்றும் புவனேகபாகு என்ற பெயர் சொல்லப்படுகிறது.

யாருடைய வெற்றி?

இப்போது அந்தப் பாடப்புத்தகப் பந்திக்குத் திரும்புகிறேன். "சிங்களவர் தமிழரை வென்றார்கள்" என்று அதை வாசிப்பது எவ்வளவு பொருந்தும்? வென்ற அமைச்சரின் குடும்பம் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. தோற்ற மன்னரின் முன்னோர் பாரசீகம் பேசி, ஒரு முஸ்லிம் பயணியை பாவா ஆதம் மலைக்கு அனுப்பி வைத்தவர். இவர்களில் ஒரு வம்சத்தை அழித்தது யுனான் முஸ்லிம் ஒருவர் நடத்திய சீனப்படை. அந்தப் படை கொண்டுவந்த கல்லில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. 1,000 பொன், 5,000 வெள்ளி, 100 பட்டு என்று மூன்று தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

இதைச் சொல்லி அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்று முடிக்கவும் நான் வரவில்லை. இப்னு பதூதாவே, மாடு அறுத்ததற்காகக் கையும் காலும் வெட்டப்பட்ட ஷீராஸ் நாட்டு ஷெய்கு உஸ்மானைப் பற்றியும் எழுதுகிறார். வரி அதிகாரிகள் தூக்கில் தொங்கினார்கள். மாத்தளைப் பாதையில் போன படைக்கு யாருடைய வயல் சோறு போட்டது, யாருடைய வீடு எரிந்தது என்று ராஜாவலிய சொல்லவில்லை. சாவோ சாவோவின் கதையில் அது கொஞ்சம் தெரிகிறது. தன் தந்தையின் கொலைக்குப் பழிவாங்க 193இல் அவர் சூ மாகாணத்துக்குள் நுழைந்தபோது, கொல்லப்பட்டவர்களின் உடல்களால் சி ஆறு ஓடாமல் அடைபட்டது என்று சீன வரலாறு பதிவு செய்கிறது. அந்த மக்களுக்கும் அந்தக் கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு அதே சாவோ சாவோ, யுத்தத்தில் எலும்பாகிக் கிடந்தவர்களை நினைத்துக் கவிதை எழுதினார். அது நல்ல கவிதை என்றும் சொல்கிறார்கள்.

கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. எங்கள் ஊர் கைத்தறியால் பெயரெடுத்த ஊர். யுத்த காலத்தில் நூல் வரும் பாதையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சாறனின் விலை மாறியது. விளைச்சல் காலத்தில் படுவான்கரை வயலுக்குப் போகலாமா, போனால் எத்தனை மூடை நெல் திரும்பி வரும் என்று, வயலில் நிற்பவரைவிடச் சந்தியில் நிற்பவருக்கே கூடத் தெரிந்திருந்தது. ஒரு சாவடியில் கொடுத்த பிறகு இன்னொரு சாவடியிலும் கொடுத்தவர்கள் உண்டு. தமிழர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள், முஸ்லிம்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைச் சேர்த்து ஒரு பட்டியல் யாரும் எழுதவில்லை. வாங்கியவர்களைப் பற்றித்தான் புத்தகங்கள் வருகின்றன.

ஆகவே இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, யார் வென்றார் என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக்கலாம். அந்தப் படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? கட்டளைகள் யாருடைய பெயரால் வந்தன? வரி கொடுத்தவருக்கு ஆள் மாறிய பிறகு என்ன மாறியது? நீர்கொழும்பில் மீன் பிடித்தவருக்கும் சிலாபத்தில் முத்துக் குளித்தவருக்கும், நல்லூரின் ஆள் போய் றைகமவின் ஆள் வந்த மறுநாள், செலுத்தவேண்டிய வரி குறைந்தது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.